சொக்லேட்டின் வரலாற்றைச் சித்திரப் பாடத்தில் கற்பித்தல்: எந்தப் படத்திலிருந்து தொடங்குவது?

வாவிக்கரை ரீச்சர்

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு நகரத்தை அடுத்துள்ள ஒரு பாடசாலையில் தரம் 6, 7 மாணவருக்குச் சித்திரப் பாடம் எடுத்து வருகின்றேன். அடுத்த தவணையில் ஆறு பாடவேளைகளை ஒன்றாகச் சேர்த்து, சொக்லேட்டின் வரலாற்றை முழுக்கப் படங்களின் வழியாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்க்கலாமென்று நினைத்திருக்கின்றேன். வரலாற்று ஆசிரியரின் வேலையை நான் எடுத்துக்கொள்வது போலத் தோன்றலாம். ஆனால் நம் பிள்ளைகள் படம் வரைகின்ற அளவுக்குப் படத்தைப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை. அதைத் தீர்க்க அவர்களுக்குப் பிடித்த பொருள் ஒன்று வேண்டியிருக்கிறது.

போன கிழமை வகுப்பில், "கண்டோஸ் எங்கிருந்து வருகிறது?" என்று, சொக்லேட்டுக்கு நம் ஊரில் வழங்கும் பெயரால் கேட்டேன். பாதிப் பேர் கடையிலிருந்து என்றார்கள், மீதிப் பேர் கொழும்பிலிருந்து என்றார்கள். ஒரு பிள்ளை மட்டும் எழுந்து, "கொக்கட்டிச்சோலையில் இருந்து ரீச்சர்" என்றாள். கொக்கோவும் கொக்கட்டி மரமும் ஒன்றென்று எண்ணிவிட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அது ஒரு மரத்திலிருந்து வருகிறது என்று நினைத்த ஒரே பிள்ளை அவள் என்பது உறைத்தது.

நான் எடுத்து வைத்திருக்கும் படங்கள் நான்கு. முதலாவது, சுவிற்சர்லாந்து ஓவியர் லியோத்தார் 1744ஆம் ஆண்டளவில் பஸ்டலால் வரைந்த சொக்லேட் ஏந்திச் செல்லும் பணிப்பெண். இப்போது ஜேர்மனியின் திரெஸ்டன் நகரிலுள்ளது. அடுத்தது, ஸ்பானிய ஓவியர் மெலெந்தெஸ் 1770இல் வரைந்த செப்புப் பாத்திரமும் ரொட்டியும் சொக்லேட் வில்லைகளும் உள்ள அசையாப் பொருள் ஓவியம். மூன்றாவது, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலுள்ள, மத்திய அமெரிக்காவின் பழங்குடியினரான மாயர் காலத்துக் குவளை, கி.பி. 670க்கும் 750க்கும் இடைப்பட்டது. கடைசியாக, 1904இல் வந்த ஒல்லாந்து துரொஸ்தே நிறுவனத்தின் கொக்கோத் தகரப்பெட்டி. லியோத்தாரின் பெண்ணிலிருந்து தொடங்குவதே என் விருப்பம். படம் அழகானது, பக்கத்தோற்றம் என்பதால் பிள்ளைகளுக்கு வரையவும் இலகு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பழைய அண்ணாவி

மகள், அந்தப் பெண்ணை முதலில் வைக்க வேண்டாம். அவளை முதலில் கண்ட பிள்ளைக்குச் சொக்லேட் என்பது லேஸ் தொப்பியும் பீங்கான் கோப்பையும் உள்ள வீட்டுப் பண்டமாகவே மனதில் பதியும்; அதன் பிறகு நீங்கள் எத்தனை மாயர் குவளைகளைக் காட்டினாலும் அவை அதற்கு முன்கதையாகத்தான் நிற்கும். நாற்பது வருடம் சித்திரம் கற்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், முதலில் காட்டுகின்ற படம்தான் வீட்டுக்காரன், மற்றவையெல்லாம் விருந்தாளி.

பிரின்ஸ்டன் குவளையில் ஓர் ஓரத்தில் நிற்கின்ற பெண்ணைப் பாருங்கள். கையிலுள்ள குவளையைச் சாய்த்து, கீழே இருக்கும் இன்னொரு பாத்திரத்துக்குள் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறாள். நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் ஒருவர் இரண்டு கோப்பைகளை வைத்துக்கொண்டு தேத்தண்ணீரை ஆற்றுவதை அவர்கள் நாளாந்தம் பார்க்கிறார்கள். இவர் ஆற்றுவது பெரும்பாலும் சூடு தணிவதற்காக. அவள் ஊற்றியது நுரைக்காக. மாயருக்கும் அவர்களுக்குப் பின்வந்த மெக்சிக்கோவின் அஸ்டெக்கருக்கும் அந்தப் பானத்தின் உயிரே நுரைதான். இந்த வேறுபாட்டை மட்டும் சொன்னால் போதும்.

இரண்டு எவர்சில்வர் பேணிகளை எடுத்துச் செல்லுங்கள். ஒரு பிள்ளை தண்ணீரை ஆற்றட்டும், மற்றவர்கள் அந்தத் தோளையும் முழங்கையையும் தண்ணீர்க் கம்பியையும் வரையட்டும். குவளைப் படத்தை அதற்குப் பிறகு காட்டுங்கள்.

நுண்கலை மாணவி

ஐயா சொல்வதை நானும் ஏற்கிறேன். ஆனால் ரீச்சருக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அந்தக் குவளையின் படத்தை விரித்த நிலையில் முழுதாகக் காட்டிவிடாதீர்கள். நடுவில் சிம்மாசனத்தில் வயோதிபக் கடவுள் ஒருவர் பெண்கள் சூழ அமர்ந்திருப்பார். இன்னொரு பக்கத்தில் முகமூடி அணிந்த இருவர் ஒரு மனிதனின் தலையை வெட்டிக்கொண்டிருப்பார்கள். தரம் 6க்கு அது வேண்டாம். அதே குவளையின் கீழ்ப்பகுதியில் முயல் ஒன்று எழுத்தாளராக உட்கார்ந்து ஏட்டில் எழுதிக்கொண்டிருக்கிறது. மாயரும் முயலை நிலாவோடு சேர்த்துப் பார்த்தவர்கள் என்பதால், நிலாவில் முயல் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் அதை விடமாட்டார்கள்.

நான் உண்மையில் சொல்ல வந்தது குவளையின் விளிம்பைப் பற்றியது. மாயர் குவளைகள் பலவற்றின் வாய்விளிம்பைச் சுற்றி ஒரு வரி எழுத்து ஓடும். பல காலம் அதை மந்திரமென்றோ சமயக் கதையென்றோ ஆய்வாளர்கள் கருதியிருந்தார்கள். வாசித்துப் பார்த்தால், இது இன்னாருடைய குடிகலம், கொக்கோவுக்கானது என்பதுதான் அதன் சாரம். நம் அம்மம்மாமார் வீட்டுச் செம்பிலும் தாம்பாளத்திலும் பெயர் வெட்டி வைப்பது போலத்தான். கலியாணத்துக்கு இரவல் போன பாத்திரம் திரும்பி வரவேண்டுமல்லவா! கீழடியிலும் நம் நாட்டுப் பூநகரியிலும் கிடைத்த பானையோடுகளில் பிராமி எழுத்து இருப்பதையும் இதனோடு சேர்த்துக் காட்டலாம்.

களிமண்ணுக்கு அலையத் தேவையில்லை. தயிர்ச் சட்டி இல்லாத வீடு மட்டக்களப்பில் இருக்காது. கழுவிக் காயவைத்த சட்டியின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் செம்மண்ணாலும் அடுப்புக் கரியாலும் வரையச் சொல்லுங்கள். விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு பிள்ளையும் "இது இன்னாருடைய கொக்கோச் சட்டி" என்று எழுதட்டும். வளைந்த பரப்பில் வரையும்போது தொடங்கிய இடமும் முடிகின்ற இடமும் சந்திக்க வேண்டும் என்பதால், அளவு பிரிக்கும் பாடமும் அதிலேயே வந்துவிடும்.

இரு பிள்ளைகளின் தாய்

ரீச்சர் குறை நினைக்கக்கூடாது. ஆறு பாடவேளை என்பது எங்களுக்குப் பெரிய விடயம். பிள்ளைகளுக்கு ஏற்கனவே பாடங்கள் தலைக்குமேல் இருக்கின்றன. சொக்லேட் என்று வகுப்பில் தொடங்கினால் வீட்டில் கேட்டு அழுவார்கள், அது இன்றைக்கு விற்கும் விலைக்கு எல்லா வீட்டிலும் வாங்கிக் கொடுக்க இயலாது. அஸ்டெக் அரசன் மொக்தெசுமா ஒரு நாளைக்கு ஐம்பது கோப்பை குடித்தான் என்றெல்லாம் வாசித்திருக்கிறேன்; அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் என்னாவது?

திருக்கோவில் கரன்

அக்கா, அந்த ஐம்பது கோப்பைக் கதையை யாரும் சொல்லாமல் விடுவதே நல்லது, ஏனென்றால் அது பிழையானது. ஸ்பானியப் படையோடு சென்ற பெர்னால் தியாஸ் என்ற வீரர் முதுமையில் எழுதிய நூலில் இருப்பது, அரசனின் விருந்துக்கு நுரை பொங்கும் கொக்கோ ஐம்பதுக்கும் மேற்பட்ட பெரிய சாடிகளில் வந்தது என்பதும், அரசன் அதிலிருந்து குடித்தான் என்பதும்தான். அவையில் இருந்தவர்களுக்கு வந்ததையெல்லாம் ஒருவன் வயிற்றுக்குள் ஊற்றிவிட்டார்கள் பின்வந்தவர்கள். மேலும் அந்தப் பானத்தில் சீனி கிடையாது. மிளகாயும் மணப்பூக்களும் சேர்ந்த கசப்புப் பானம் அது. பிள்ளைகள் கேட்டு அழுவார்கள் என்று நீங்கள் பயப்படத் தேவையில்லை.

பாடவேளைக் கணக்கைப் பொறுத்தவரை, இதில் கணிதமும் இருக்கிறது என்று சொல்லி அதிபரைச் சம்மதிக்க வைக்கலாம். 1541ஆம் ஆண்டளவில் மெக்சிக்கோவில் உள்ளூர் ஓவியர்கள் வரைந்த மென்தோசா ஏடு இப்போது ஒக்ஸ்போர்ட்டில் உள்ளது. எந்த ஊர் அஸ்டெக் பேரரசுக்கு என்ன திறை கட்டியது என்பதை அது படமாகவே பட்டியலிடுகிறது. கொக்கோ மூட்டை, வேங்கை போன்ற புள்ளித்தோல், பறவை இறகுக் கட்டு என ஒவ்வொன்றின் மேலும் எண்ணுக்குரிய குறி இருக்கும். கொடி ஒன்று வரைந்தால் 20, இறகு போன்ற குறி வரைந்தால் 400, பை வரைந்தால் 8,000. அந்த மூன்று பை சேர்ந்தால் ஒருவன் முதுகில் சுமக்கும் ஒரு சுமை கொக்கோ, அதாவது 24,000 விதை. தங்கள் வீட்டு நெல் மூட்டைக் கணக்கை இந்தக் குறிகளால் எழுதச் சொன்னால் பிள்ளைகள் பெருக்கல் வாய்பாட்டை மறந்துவிட்டே பெருக்குவார்கள்.

அந்த விதை நாணயமாகவும் புழங்கியது. 1545இல் துலாஸ்கலா என்ற ஊரில் எழுதப்பட்ட விலைப்பட்டியல் ஒன்றின்படி ஒரு பெட்டை வான்கோழி 100 விதை, சேவல் 200, அப்போதுதான் பறித்த ஆனைக்கொய்யா 3, பெரிய தக்காளி ஒன்றுக்கு 1. வகுப்பறையில் புளியங்கொட்டையைக் கொக்கோ விதையாக வைத்து ஒரு சந்தை போடலாம். கள்ளக்காசும் இருந்தது. கொக்கோத் தோலுக்குள் மாவையும் மெழுகையும் அடைத்து விற்ற ஏமாற்றுக்காரர்களைப் பற்றி, 16ஆம் நூற்றாண்டிலேயே அங்கிருந்த துறவி சகாகுன் எழுதி வைத்திருக்கிறார்.

கல்முனை சேர்

ரீச்சருக்கும் மற்றவர்களுக்கும் ஸலாம். எங்கள் பாடசாலையிலும் இதைச் செய்ய ஆசைப்படுகிறேன். ஆனால் கடவுள் உருவங்களை வரையச் சொன்னால் எங்கள் பெற்றோர் சிலர் விரும்பமாட்டார்கள். எழுத்தையும் அலங்காரத்தையும் வைத்தே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

நுண்கலை மாணவி

சேர், எழுத்தை வைத்தே செய்யலாம், அதுவும் நம் ஊருக்கென்றே அமைந்தது போல. 1984இல் குவாத்தமாலாவின் ரியோ அசுல் என்ற இடத்துக் கல்லறையில் திருகு மூடி போட்ட மட்பாண்டம் ஒன்று கிடைத்தது. காலம் 5ஆம் நூற்றாண்டு. அதன் மேலிருந்த எழுத்தை டேவிட் ஸ்டுவர்ட் என்ற ஆய்வாளர் "ககாவ்" என்று வாசித்தார். உள்ளே ஒட்டியிருந்த கசடை ஹேர்ஷி சொக்லேட் நிறுவனத்தின் இரசாயனவியலாளர்கள் சோதித்தபோது, கொக்கோவுக்குரிய தியோபுரோமின் அதில் இருந்தது. வாசிப்பும் சோதனையும் ஒன்றையொன்று உறுதி செய்தன.

அந்தச் சொல்லின் எழுத்துவடிவம் எது தெரியுமா? ஒரு மீன்! மாயர் எழுத்தில் மீன் உருவம் "க" என்ற அசையைக் குறிக்கிறது. மீன் செட்டை போன்ற சீப்பு வடிவமும் அதே அசைதான். செட்டை, மீன், அவற்றோடு "வ" குறிக்கும் உருவம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் "ககாவ்". மீன்பாடும் தேன்நாட்டுப் பிள்ளைகளுக்கு மீன் வரையச் சொல்லியா கொடுக்க வேண்டும்? செப்பலி, கெளிறு, மணலை என்று அவரவர் வீட்டுக்கு வரும் மீனை வரைந்து அந்தச் சொல்லை எழுதட்டும்.

அலங்காரத்துக்கு, 1710இல் செய்யப்பட்டு இப்போது பார்சிலோனாவின் வடிவமைப்பு அருங்காட்சியகத்திலிருக்கும் வண்ண ஓடுகள் பதித்த சித்திரம் ஒன்று உண்டு. தோட்டத்து விருந்தொன்றில் சொக்லேட் காய்ச்சிப் பரிமாறும் காட்சி அது. அந்த வண்ண ஓட்டுக்கலை ஸ்பெயினுக்கு முஸ்லிம் கைவினைஞர்கள் வழியாக வந்தது, ஸ்பானிய மொழியில் அதற்குள்ள பெயரே அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சதுர அட்டையில் கொக்கோ இலை, பூ, காய் ஆகியவற்றை வைத்து ஓர் அலங்காரம் வரைந்தால், முப்பது அட்டையும் சேர்ந்து ஒரு சுவர்.

பழைய அண்ணாவி

மகள், மாயர் மொழியில் மீனுக்கு என்ன சொல்? "கய்" என்று எங்கோ வாசித்த நினைவு. நம் கயல்தானே அது? கடல் கடந்து போன தமிழர்...

நுண்கலை மாணவி

ஐயா, மன்னிக்க வேண்டும். யுகாத்தெக் மாயா மொழியில் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் ஒரு சொல்லின் ஒலி ஒத்துப்போவதை வைத்துக்கொண்டு உறவு கொண்டாட முடியாது. பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நாம் வகுப்பில் சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த ஆண்டே அது வாட்ஸ்அப்பில் வரலாறாகி நமக்கே திரும்பி வரும்.

பழைய அண்ணாவி

சரி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், சொல்லமாட்டேன்.

அம்பாறைப் போதனாசிரியர்

நான் விவசாயத் துறையைச் சேர்ந்தவன், சித்திரம் எனக்குத் தூரம். ஆனால் பிள்ளைகள் வரைந்த கொக்கோ மரங்களைப் பல கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் காய் மாங்காய் போலக் கிளை நுனியில் தொங்கும். கொக்கோ அப்படிக் காய்ப்பதில்லை. பலாவைப் போல அடிமரத்திலும் பருத்த கிளையிலும் நேராகப் பூத்துக் காய்க்கும். பூ விரல்நகத்தளவுதான், அதற்கு மகரந்தம் சேர்ப்பது கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சி. பலா மரத்தைப் பார்த்து வரைந்துவிட்டு அதில் பப்பாசி அளவான, நீளவாட்டில் வரியோடிய காய்களை ஒட்டினால், பாதி சரியாகிவிடும்.

நம் நாட்டிலேயே கொக்கோ இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1869இல் கோப்பிச் செடிக்கு இலைத்துரு நோய் வந்து தோட்டங்கள் அழியத் தொடங்கியபோது, மாத்தளை, தும்பறைப் பக்கத் தோட்டக்காரர்கள் மாற்றுப் பயிராகத் தேடியவற்றில் தேயிலை, சிங்கோனாவோடு கொக்கோவும் ஒன்று. இன்றும் மாத்தளை, கண்டி, குருநாகல், கேகாலை, பதுளை, மொனராகலை மாவட்டங்களில் வீட்டுத்தோட்டங்களிலும் தென்னையின் கீழும் மிளகோடு கலந்தும் வளர்கிறது. மொனராகலை நமக்கு அடுத்த வீடு. அடுத்த கிழமை அந்தப் பக்கம் போகிறேன், ரீச்சருக்குச் சம்மதமென்றால் பழுத்த காய் நான்கைந்து கொண்டுவந்து தருவேன்.

காயை வெட்டும்போது கத்தியை ஆழமாக இறக்கவேண்டாம், கட்டையால் தட்டிப் பிளந்தால் விதை சேதமாகாது. உள்ளே முப்பது நாற்பது விதைகள், அன்னமுன்னாப் பழத்துச் சதை போல வெள்ளைச் சதை போர்த்திருக்கும். அந்தச் சதையைச் சப்பக் கொடுங்கள், புளிப்பும் இனிப்புமாக இருக்கும். விதையைக் கடித்தால் உள்ளே ஊதா நிறம், தாங்க முடியாத கசப்பு. வாழையிலையில் மூடி ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, வறுத்த பிறகுதான் அதில் சொக்லேட் மணம் வருகிறது.

வாவிக்கரை ரீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ஐயாவின் சொற்படி குவளையிலிருந்தே தொடங்குகிறேன். காய்களுக்கும் சம்மதம், சேர்.

இப்போது எனக்கு வேறொரு சிக்கல். நேற்று இரவு எல்லாப் படங்களையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மென்தோசா ஏட்டில் மூட்டை இருக்கிறது, கட்டியவர் ஊர் இருக்கிறது. குவளையில் ஊற்றுபவள் இருக்கிறாள். மெலெந்தெசின் ஓவியத்தில் செப்புப் பாத்திரம் பளபளக்கிறது, நுரை கடையும் மத்து நிற்கிறது, ரொட்டியின் மேலோட்டில் மா ஒட்டியிருப்பதைக்கூட வரைந்திருக்கிறார். ஆனால் மனிதர் ஒருவரும் இல்லை. லியோத்தாரின் படத்தில் கண்ணாடித் தம்ளரில் யன்னல் வெளிச்சம் தெரிகிறது, ஏந்திச் செல்பவளும் தெரிகிறாள். அந்தக் கோப்பைக்கு விதை தந்த மரமும் பறித்த கையும் எங்கே? 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்குப் போன கொக்கோவில் பெரும்பங்கு வெனிசுவேலாவின் கரகாஸ் பக்கத்திலிருந்து போனது, அதைப் பயிரிட்டவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். இதைப் பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சொல்வதா, விடுவதா?

இரு பிள்ளைகளின் தாய்

விட்டுவிடுங்கள், ரீச்சர். எங்கள் பிள்ளைகள் பிறந்த மண்ணில் துயரக் கதைக்குக் குறைவில்லை. சித்திரப் பாடம் ஒன்றாவது அவர்கள் சந்தோசமாக இருக்கின்ற இடமாக இருக்கட்டும்.

திருக்கோவில் கரன்

அக்காவின் மனம் விளங்குகிறது. ஆனாலும் விட்டால் பொய்யாகிவிடும் என்பதே என் எண்ணம். அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த பிறகும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயரின் சாவோ தோமே தீவில் அங்கோலாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் திரும்ப முடியாமல் கொக்கோத் தோட்டங்களில் உழைத்தார்கள். விடயம் பத்திரிகைகளில் வெளிவந்து, 1909இல் கட்பரி முதலிய ஆங்கில நிறுவனங்கள் அந்தத் தீவின் கொக்கோவை வாங்குவதை நிறுத்தின. இன்று உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் தருகின்ற ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு நாடுகளிலும், 2018/19 பருவத்தில் சுமார் 15.6 இலட்சம் சிறுவர்கள் கொக்கோத் தோட்டங்களில் சிறுவர் உழைப்பில் இருந்ததாகச் சிக்காகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆய்வு நிறுவனமொன்று 2020இல் அறிக்கை வெளியிட்டது. ரீச்சரின் மாணவர்களின் வயதுக்காரர்கள்தான் அவர்கள்.

பழைய அண்ணாவி

தம்பி, நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை, ஆனால் அது மேடைப் பேச்சு. வகுப்பில் எண்ணிக்கையைச் சொன்னால் பிள்ளை அதை மனப்பாடம் செய்துவிட்டுப் போகும். தாயும் ஆசிரியையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கத் தேவையில்லை. மகள், நீங்கள் எழுதியதிலேயே வழி இருக்கிறது. "இந்தப் படத்தில் இல்லாதவர் யார்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போகட்டும். விடை அவர்களிடமிருந்து வந்தால் மட்டும், வந்த அளவுக்கு மட்டும், நீங்கள் மேலே சொல்லுங்கள்.

கல்முனை சேர்

ஐயாவின் யோசனைக்கு ஒரு துணை. துரொஸ்தே தகரப்பெட்டியில் தாதிப் பெண் ஒருத்தி தட்டு ஏந்தி நிற்பாள், தட்டில் அதே பெட்டி இருக்கும், அந்தப் பெட்டியில் மறுபடி அவளே நிற்பாள், இப்படியே உள்ளே உள்ளே போகும். எங்கள் பிள்ளைகளை அந்தக் கடைசிச் சின்னப் பெட்டிக்குள் யாரை வைக்கலாம் என்று கேட்கப்போகிறேன். 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தரின் நாட்டில்தான், 1828இல் வன் ஹவுட்டன் கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார் என்பதையும், அதனால்தான் கொக்கோத்தூள் என்ற ஒன்றே கடைக்கு வந்தது என்பதையும் அந்த இடத்தில் சொல்லிவிடலாம். கோட்டைச் சுவரைத் தினமும் கடந்து போகிறவர்களுக்கு ஒல்லாந்தர் யாரென்று தனியே விளக்கவேண்டியதில்லை.

வாவிக்கரை ரீச்சர்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். ஆறு பாடவேளைகள் எட்டாகிவிட்டன, அதிபர் பொறுத்துக்கொண்டார்.

முதலில் என் பிழை. கொக்கோத்தூளையே வண்ணமாகப் பாவித்து வரையச் சொன்னேன். தூளைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் அதிலுள்ள கொழுப்பினால் மேலே மிதந்து திரளுகிறது, கரையாது. சுடுநீர் சில துளிகள் விட்டுச் சந்தனம் போலக் குழைத்த பிறகு தண்ணீர் சேர்த்தால்தான் தூரிகைக்கு வந்தது. சாதாரணத் தூள் செம்மண் நிறம் தந்தது, காரம் சேர்த்துப் பதப்படுத்திய ஒல்லாந்து முறைத் தூள் கரும்பழுப்பு. இரண்டையும் வைத்து ஒளியும் நிழலும் அழகாக வந்தன. வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டிவிட்டுப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால், மாயர் குவளையின் விளிம்பு நெடுக எறும்பு. சீனி சேர்க்காத தூள்தான், ஆனால் தாளில் ஒட்ட நாங்கள் பாவித்தது சோற்றுப் பசை. ஒரு பையன் "ரீச்சர், மாயர் எழுத்து நடக்குது" என்றான்.

தயிர்ச் சட்டிகள் இருபத்தெட்டு வந்தன. விளிம்பில் பெயர் எழுதும்போது சட்டியைச் சுற்றி வந்த எழுத்து முடிவில் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டது பாதிச் சட்டிகளில். முன்பே நூலால் சுற்றளவை அளந்து பிரித்தவர்கள் ஐந்து பேர்தான்.

போதனாசிரியர் சேர் தந்த காயைப் பிளந்தபோது, கொக்கட்டிச்சோலை என்று சொன்ன அந்தப் பிள்ளைதான் முதல் விதையை வாயில் போட்டாள். சதையைச் சப்பியபோது கண் விரிந்தது. கடித்தபோது முகம் சுருங்கியது. துப்பிவிட்டு, "இதையா காசாக வைத்திருந்தார்கள்?" என்று கேட்டாள்.

லியோத்தாரின் படத்தை ஏழாவது பாடவேளையில் காட்டினேன். ஐயா சொன்னபடி கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றேன். முதலில் "குடிக்கிற ஆள் இல்லை" என்றான் ஒருவன். அது எனக்கே தோன்றாத விடை. பிறகு "மரம் இல்லை" என்று இரண்டு மூன்று குரல். நீண்ட நேரம் கழித்து, பின்வாங்கிலிருந்து ஒரு பையன், "காய் ஆய்ந்த ஆள் இல்லை" என்றான். அவனுடைய தகப்பனார் மரமுந்திரிகைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். மரமுந்திரிகையும் பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்ததுதான் என்று அப்போது சொன்னேன். அடிமைகளைப் பற்றி நான்கு வசனம் சொன்னேன், கூடுதலாகச் சொல்லவில்லை. இக்காலச் சிறுவர் உழைப்பு பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன். கரன் தம்பி கோபிப்பார்.

வரைதலுக்கு, லியோத்தாரின் பெண்ணை வலப்பக்கம் வைத்து இடப்பக்கம் வெறுந்தாளாக விட்ட பிரதி ஒன்றைக் கொடுத்தேன். அந்த வெறுமையில் அவரவர் விரும்பியதை வரையலாம். பலர் காய்க்கும் மரம் வரைந்தார்கள், எல்லாக் காயும் அடிமரத்தில். அந்தப் பையன் ஓர் ஆளை வரைந்தான், முதுகைக் காட்டி நிற்கிறார், தலையில் துவாய் கட்டியிருக்கிறார், கையில் கொக்கத்தடி.

போதனாசிரியர் சேருக்கு ஒரு கேள்வி. மிஞ்சிய விதைகளைப் பிள்ளைகள் பால்பைகளில் மண் நிரப்பி ஊன்றிவிட்டார்கள். பதினொன்று முளைத்திருக்கின்றன. இந்த வெயிலுக்கு நிற்குமா?

இரு பிள்ளைகளின் தாய்

அந்தச் சட்டிகளில் ஒன்று எங்கள் வீட்டுச் சாமியறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்துவைக்கச் சொன்னால் மகன் விடுகிறானில்லை. ரீச்சருக்கு நன்றி.

அம்பாறைப் போதனாசிரியர்

காயாத விதையை உடனே ஊன்றியதால்தான் முளைத்திருக்கிறது, உலர்ந்திருந்தால் ஒன்றும் வந்திராது. கொக்கோக் கன்றுக்கு நேர்வெயில் ஆகாது. பாடசாலைக் கிணற்றடியில் வாழை இருந்தால் அதன் நிழலில் வையுங்கள், இல்லாவிட்டால் தென்னோலைப் பந்தல் போடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் காற்றுப் படாத பக்கமாக மாற்ற வேண்டும். காலையும் மாலையும் தண்ணீர், தேங்கி நிற்கக்கூடாது. நம் கரையோர மண்ணில் பதினொன்றும் மரமாகும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். மாரி தொடங்கியதும் இரண்டைக் கிணற்றடியிலேயே நட்டுவிடுங்கள், மற்றவற்றைப் பையிலேயே வைத்திருங்கள், வந்து பார்க்கிறேன்.